22 எழுத்துகள்: தொட்டியத்துப் பெற்றோர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொட்டியத்திலும் அதைச் சூழ்ந்த காட்டுப்புத்தூர், ஏலூர்பட்டி, பாலசமுத்திரம், சீனிவாசநல்லூர் முதலிய ஊர்களிலும் வாழும் தாய்மார்களே, தந்தையரே,

உங்களுள்ளும் விசேஷமாக 2008, 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளைப் பெற்றவர்களை நோக்கியே இம்மடலை எழுதுகிறேன். 2022-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் தேதி முதற்கொண்டு, 12 வயது நிரம்பிய அந்தப் பிள்ளைகளுக்குக் கொரோனாவுக்கு எதிராகப் பள்ளிக்கூடங்களிலேயே ஊசி போடப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். கோர்பெவாக்ஸ் என்பது அம்மருந்தின் பெயர். அதன்பின் சில காலம் கழித்து, அந்த ஊசியில் டி.என்.ஏ. கலந்திருந்ததாம், அது பிள்ளைகளின் உடம்போடு சேர்ந்துவிட்டதாம், இனி அவர்களுக்குப் பிறக்கும் சந்ததி வேறு விதமாக இருக்குமாம் என்று ஒரு பேச்சு எழுந்து, தேநீர்க்கடையிலிருந்து வாழைத்தார் ஏற்றும் இடம் வரையில் பரவி, இன்று அதே பிள்ளைகளுக்கு 16 வயதில் போடவேண்டிய வேறோர் ஊசியை வேண்டாமென்று நீங்கள் மறுக்கும் அளவுக்கு வளர்ந்திருப்பதைக் காண்கிறேன். இப்பகுதியில் விஞ்ஞானம் போதித்து வாழ்ந்த ஒருவன் இதைக் கேட்டும் வாய்மூடி இருப்பது தகாது என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

உங்களைக் கடிந்துகொள்ளும் நோக்கம் எனக்கில்லை. உங்கள் அச்சத்துக்குப் பின்னால் ஒரு நியாயமான மனக்குறை இருக்கிறது. பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கினார்களே தவிர, அந்தச் சிறு குப்பிக்குள் என்னென்ன இருக்கின்றன, ஒவ்வொன்றும் எதற்காகச் சேர்க்கப்பட்டது என்று எவரும் உங்களை உட்காரவைத்து விளக்கவில்லை. தோட்டத்துக்கு வாங்கும் உரமூட்டையின்மேல் அச்சிட்டிருப்பதைக்கூட ஒருமுறை படித்துப் பார்த்தே வாங்கும் நீங்கள், பெற்ற பிள்ளையின் சரீரத்துக்குள் செல்வதைப் பற்றி அறிய விரும்பியதில் என்ன பிழை? அறிந்தவர்கள் சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாமற்போனால் அறியாதவர்கள் சொல்லுவதே ஊரில் நிலைக்கும். இங்கு நிகழ்ந்திருப்பதும் அதுதான்.

தடுப்பூசியைக் குறித்துக் கேள்வி எழுப்புவது நம் நாட்டுக்குப் புதிதுமல்ல. காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. ஊசியை நாடெங்கும் போட முற்பட்ட காலத்தில், 1955-ஆம் ஆண்டு, ராஜாஜி அதை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். அவரைப் பிற்போக்குக்காரர் என்று சொன்னவர்கள் பலர். ஆயினும் அந்த ஊசி உண்மையில் எவ்வளவு காக்கிறது என்னும் வினா அத்துடன் அடங்கிவிடவில்லை. 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான மக்களைக் கொண்டு ஒரு மாபெரும் பரிசோதனை தொடங்கப்பெற்று, பல ஆண்டுகள் அவர்களைக் கண்காணித்தபின், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்ற முடிவை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களே உலகுக்கு அறிவித்தார்கள். குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து அது காக்கிறது என்பது வேறு வகையில் உறுதிப்பட்டதால்தான் பிறந்த சிசுவுக்கு இன்றும் அதைப் போடுகிறார்கள். எது காக்கிறது, எது காக்கவில்லை என்ற இரண்டையும் மறைக்காமல் சொல்லும் வழக்கம் இந்தத் துறையில் உண்டு என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். பி.சி.ஜி.யைப் பற்றிப் பேசியதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சற்றுப் பொறுத்து அதற்கு வருகிறேன்.

முதலில் உங்கள் பிள்ளைகள் பெற்ற மருந்தின் உள்ளடக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐதராபாத்திலுள்ள பயாலஜிக்கல் ஈ என்னும் நிறுவனம், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து மருத்துவ விஞ்ஞானிகள் உருவாக்கிக் காப்புரிமை கோராமல் வழங்கிய முறையைக் கொண்டு அதைத் தயாரித்தது. அரசாங்கத்துக்கு ஓர் ஊசி 145 ரூபாய் வீதம் விற்றது. ஒருமுறை போடும் அரை மில்லி லிட்டரில் முக்கியமாக மூன்று பொருள்கள் இருக்கின்றன. கொரோனாக் கிருமியின் மேற்புறத்துப் புரதத்தில் ஒரு சிறு பகுதி 25 மைக்ரோகிராம். அது ஈஸ்ட் என்னும் நொதிப்பூஞ்சையில் வளர்த்தெடுக்கப்பட்டது. இரண்டாவது, அலுமினிய உப்பு. மூன்றாவதாக உள்ளதுதான் இத்தனை பேச்சுக்கும் இடமாகிவிட்ட சி.பி.ஜி. 1018 என்னும் பொருள்; அது 750 மைக்ரோகிராம்.

முதற்பொருள் மட்டும் போதாதா, மற்ற இரண்டும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கிருமியிலிருந்து பிரித்தெடுத்த சுத்தமான புரதத்தைத் தனியே செலுத்தினால் சரீரம் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்துவதில்லை. 1925-ஆம் ஆண்டளவில் பிரான்ஸ் தேசத்துக் கால்நடை வைத்தியரான காஸ்தோன் ராமோன், தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிரான மருந்துக்காகக் குதிரைகளுக்கு ஊசி போட்டுவந்தபோது, ஊசி போட்ட இடத்தில் வீக்கம் கண்ட குதிரைகளின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அதிகமாக இருந்ததைக் கவனித்து, அந்த வீக்கத்தைத் தாமே உண்டாக்கும் பொருட்டு மருந்தோடு மரவள்ளிமாவைக் கலந்து பார்த்தார். சேலம் நாமக்கல் பக்கத்தில் எந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்கிறார்களோ அதே கிழங்கின் மாவுதான். எதிர்ப்புச் சக்தி கூடியது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தில் கிளென்னி என்பவர் படிகாரத்தைச் சேர்த்து அதே பலனைக் கண்டார். துணைமருந்து என்னும் எண்ணம் பிறந்தது அப்படித்தான். நீங்களும் நானும் சிறுவயதில் போட்டுக்கொண்ட இரணஜன்னி ஊசியில் இருந்த அலுமினிய உப்பு அந்தப் பரம்பரையைச் சேர்ந்தது.

சி.பி.ஜி. என்பதும் ஒரு துணைமருந்தே. ஆனால் அது வேலைசெய்யும் விதம் வேறு, என் அபிப்பிராயத்தில் மிகவும் அழகானதும்கூட. எல்லா ஜீவராசிகளின் டி.என்.ஏ.யும் ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை என்று உங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பாக்டீரியாக்களின் வரிசையில் சி என்ற எழுத்தை அடுத்து ஜி வருவது சர்வசாதாரணம். மனிதனிலும் மற்ற முதுகெலும்புள்ள பிராணிகளிலுமோ அந்தச் சேர்க்கை அபூர்வமாகவே வரும். வரும் இடங்களிலும் பெரும்பாலும் சி-யின்மேல் மெத்தில் என்னும் சிறு ரசாயனக் கூறு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, அந்த ஒட்டு இல்லாத வெறும் சி-ஜி ஜோடியை எங்கே கண்டாலும், வந்திருப்பது அந்நியம் என்று தீர்மானிக்க நம் இரத்தத்திலுள்ள சில வெள்ளணுக்கள் கற்றிருக்கின்றன. வாழைத்தோப்புக் காவற்காரர் இருட்டில் ஆளின் முகத்தைக் காணாமலே, காலடி ஓசையின் வேறுபாட்டைக் கொண்டு வேற்றாள் நுழைந்திருப்பதை அறிந்து குரல் கொடுக்கிறாரே, அதைப் போன்றது இது. ஊசியில் வைக்கப்படுவது அந்தக் காலடி ஓசை மட்டுமே, திருடன் வருவதில்லை. ஓசை கேட்டு விழித்தெழுந்த வெள்ளணுக்கள் பக்கத்தில் கிடக்கும் கிருமிப் புரதத்தைக் கூர்ந்து நோக்கி நினைவில் வைத்துக்கொள்ளுகின்றன.

இந்த இரகசியம் வெளிப்பட்டது எங்கிருந்து என்று சொன்னால் நீங்கள் வியப்பீர்கள்: பி.சி.ஜி.யிலிருந்து. 1984-இல் ஜப்பானில் தோகுனாகா என்பவரும் அவர் சகாக்களும், பி.சி.ஜி. நுண்ணுயிர் புற்றுநோய்க் கட்டிகளை எதிர்க்கத் தூண்டுவது ஏன் என்று ஆராய்ந்து, அச்சக்தி அதன் டி.என்.ஏ.யிலேயே அடங்கியிருப்பதைக் கண்டார்கள். 1995-இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் கிரீக் என்ற மருத்துவர், வேறு காரியத்துக்காகச் செய்த டி.என்.ஏ. துணுக்குகளில் சில எதிர்பாராதபடி வெள்ளணுக்களைத் தூண்டிவிடுவதைத் தொடர்ந்து ஆராய்ந்து, சி-ஜி ஜோடியே அதற்குக் காரணம் என்று நிரூபித்தார். அதை இனங்காணும் புரதம் டி.எல்.ஆர். 9 என்பதை 2000-ஆம் ஆண்டில் ஒசாகாவில் அகிராவின் குழுவினர் கண்டறிந்தனர். அந்தப் புரதம் வெள்ளணுவின் கருவுக்குள் இருப்பதில்லை. வெள்ளணு விழுங்கிய பொருள்கள் சென்று சேரும் ஒரு தனி அறைக்குள் இருக்கிறது. நம்முடைய சொந்த டி.என்.ஏ. அங்கே சாதாரணமாகச் செல்லாது. இயற்கை இவ்வளவு எச்சரிக்கையுடன் அதை வைத்திருக்கிறது.

இனி உங்கள் அச்சத்துக்கு நேராக வருகிறேன். சி.பி.ஜி. 1018 என்பது ஆய்வுக்கூடத்தில் ரசாயன முறையில் கோக்கப்பட்ட 22 எழுத்துகள். அதற்குமேல் ஓர் எழுத்தும் இல்லை. சி-யும் ஜி-யும் அடுத்தடுத்து நிற்கும் இடங்கள் அதில் இரண்டே. சீக்கிரம் சிதைந்துவிடாதபடி அதன் முதுகெலும்பில் பிணைப்புதோறும் ஒரு பிராணவாயுவுக்குப் பதிலாகக் கந்தகம் சேர்த்திருக்கிறார்கள். சில காலம் வேலைசெய்தபின் சரீரம் அதையும் உடைத்து அகற்றிவிடுகிறது. ஒரு ஜீன் சாதாரணமாக ஆயிரக்கணக்கான எழுத்துகளைக் கொண்டது. மனிதனின் முழு வரிசையோ சுமார் 300 கோடி எழுத்துகள். 22 எழுத்துகளில் ஒரு ஜீனும் அமையாது, ஒரு புரதத்துக்கான கட்டளையும் அடங்காது. உயிரணுவின் கருவுக்குள் நுழைந்து நம் வரிசையில் தன்னை ஒட்டவைத்துக்கொள்ளும் உபகரணம் எதுவும் அதனிடம் இல்லை. இது இருக்கட்டும், உங்கள் இடது புயத்தில் தழும்பாக நிற்கும் பி.சி.ஜி. ஊசியில் உங்களுக்குள் செலுத்தப்பட்டவை உயிருள்ள நுண்ணுயிர்கள். அவை ஒவ்வொன்றுக்குள்ளும் சுமார் 43 லட்சம் எழுத்துகள் கொண்ட முழு டி.என்.ஏ. இருந்தது, வெறும் சி-ஜி ஜோடிகள் அதில் மலிந்திருந்தன. அதைப் பெற்றுக்கொண்டு வளர்ந்த நீங்கள்தாம் இந்தப் பிள்ளைகளைப் பெற்றீர்கள். உங்கள் சந்ததி வேறு விதமாகவா பிறந்தது?

இரு தடுப்பூசிகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பேசுவோரும் உண்டு. ஆமதாபாத்து சைடஸ் நிறுவனத்தின் சைகோவ்-டி என்னும் மருந்து, 2021 ஆகஸ்டில் நம் நாட்டில் அனுமதி பெற்றது. அதில் கிருமிப் புரதத்துக்கான கட்டளையைத் தாங்கிய முழு டி.என்.ஏ. வளையம் ஒன்று இருந்தது. அது வேறு, கோர்பெவாக்ஸ் வேறு. கோர்பெவாக்ஸிலுள்ள துணுக்கு எதையும் கட்டளையிடுவதில்லை. அழைப்பு மட்டுமே கொடுக்கிறது.

அழைப்பு மிகையானால் ஆபத்தில்லையா என்று உங்களில் கூர்மையானவர்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். இதே சி.பி.ஜி. 1018-ஐ, கோர்பெவாக்ஸில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு அளவில் சேர்த்து, மஞ்சட்காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கு எதிராக ஹெப்லிசாவ் என்னும் மருந்தை அமெரிக்காவில் முன்பே செய்திருந்தார்கள். அந்நாட்டு மருந்து அதிகார சபை அதை ஒருமுறையன்று, 2013-இலும் 2016-இலுமாக இருமுறை திருப்பியனுப்பியது. ஒரு பரிசோதனையில், இம்மருந்தைப் பெற்றவர்களிடையே மாரடைப்புக் கண்டவர்கள் சற்று அதிகமாகத் தோன்றினார்கள் என்பதும் எழுந்த ஐயங்களுள் ஒன்று. 2017 நவம்பரில் அனுமதி அளித்தபோதும், அந்த ஐயத்தை விட்டுவிடாமல் தொடர்ந்து ஆராயவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அதன்படி கலிபோர்னியாவில், இம்மருந்தையும் பழைய மருந்தையும் பெற்ற சுமார் 70,000 பேரைக் கண்காணித்து ஒப்பிட்டார்கள். மாரடைப்பு இதனால் மிகவில்லை என்று 2022-இல் முடிவு வெளியாயிற்று. ஐயம் எழுந்தது, விசாரிக்கப்பட்டது, விடை கிடைத்தது. ஊர்ப்பேச்சு இந்த மூன்று படிகளில் முதலாவதிலேயே நின்றுவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

அந்த மருந்தினால் உண்டான நன்மையையும் பாருங்கள். பழைய ஹெபடைட்டிஸ் பி ஊசியை ஆறு மாதத்தில் மூன்று முறை போட வேண்டும். இதை ஒரு மாத இடைவெளியில் இரண்டு முறை போட்டால் போதும். வாழை வெட்டும் காலத்தில் கூலியை விட்டுவிட்டு மூன்றாம் தடவை ஆஸ்பத்திரிக்குப் போகமுடியாத ஒருவருக்கு இது எத்தனை பெரிய சகாயம் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேலும் நீரிழிவு உள்ளவர்களுக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிப்பதில்லை என்பது வைத்தியர்கள் அறிந்த குறை. மாரடைப்பு ஐயம் எழுந்த அதே பரிசோதனையில், நீரிழிவுக்காரர்களுள் பழைய மருந்தினால் பாதுகாப்புப் பெற்றவர்கள் 100-க்கு 65 பேர், சி.பி.ஜி. சேர்த்த மருந்தினால் 90 பேர். வீட்டுக்கு ஒருவர் சர்க்கரை மாத்திரை விழுங்கும் நம் ஊர்களில் இந்த எண்களின் பொருள் எளிதில் விளங்கும். தடுப்பூசி இன்றியே, இத்துணுக்கை மட்டும் கொடுத்து நோய்த்தொற்றைத் தாங்கச் செய்யும் முயற்சியும் நடக்கிறது. கனடாவின் சஸ்காட்செவான் பல்கலைக்கழகத்தார் 2003-இல் கோழிகளை இவ்வாறு ஈ. கோலை கிருமியிலிருந்து காத்துக் காட்டினார்கள். பக்கத்து நாமக்கல்லில் பண்ணை வைத்திருக்கும் உறவினர்களிடம் நீங்கள் சொல்லத்தக்க செய்தி அது. மனிதர்களுக்கு அம்முறை இன்னும் ஆராய்ச்சி அளவிலேயே நிற்கிறது.

கோர்பெவாக்ஸைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லவும் நான் விரும்பவில்லை. நோய் எத்தனை பேருக்கு வராமற்போயிற்று என்று நேரே எண்ணிப் பார்த்து அதை அனுமதிக்கவில்லை; இரத்தத்தில் உண்டான எதிர்ப்பொருளின் அளவைக் கோவிஷீல்டு உண்டாக்கியதோடு ஒப்பிட்டே அனுமதித்தார்கள். 2022-இன் தொடக்கத்தில், ஏற்கெனவே தொற்று வந்து போன பிள்ளைகள் பலர் இருக்க, அவ்வயதினருக்கு இவ்வூசி எவ்வளவு அவசியம் என்பது விவாதத்துக்குரிய வினாவே. அதைப் பற்றி நீங்கள் எந்த அபிப்பிராயமும் கொள்ளலாம். அவசியமா என்ற வினா வேறு, வம்சத்தைக் கெடுக்குமா என்ற வினா வேறு. முன்னதற்கு இரு பக்கமும் நியாயம் உண்டு. பின்னதற்கு ஆதாரம் துளியும் இல்லை.

இப்போது நான் வேண்டுவதைச் சொல்லுகிறேன். 10 வயதிலும் 16 வயதிலும் பிள்ளைகளுக்குப் போடுமாறு அரசாங்கம் இலவசமாக வழங்கும் டி.டி. ஊசியைத்தான் நீங்கள் இன்று மறுக்கிறீர்கள். அது இரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரானது. அதில் சி.பி.ஜி. இல்லை, துணைமருந்தாக இருப்பது பல தலைமுறைகளாக நாம் பழகிய அலுமினிய உப்பு மட்டுமே. ஓர் ஊசியைப் பற்றிய ஆதாரமற்ற பேச்சைக் கேட்டு, அந்தப் பேச்சுக்கே சம்பந்தமில்லாத மற்றோர் ஊசியைத் தள்ளுகிறீர்கள். அதனால் வரும் கேடோ கற்பனையன்று. இரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடப்பவை. 16 வயதுப் பையன் இந்த ஊரில் எங்கே இருக்கிறான்? விடுமுறை நாளில் அரிவாளோடு தோப்பில் இருக்கிறான், வெறுங்காலோடு வாய்க்காலில் இறங்குகிறான், எருக்குழியில் நிற்கிறான். பெண்பிள்ளை நாளை தாயாகப் போகிறவள். சின்னஞ்சிறு வயதில் போட்ட ஊசியின் பலம் நாளடைவில் குறைந்துவிடும் என்பதால்தான் இந்த வயதில் மறுபடியும் போடச் சொல்லுகிறார்கள். நோய் வந்தபின் தாடை இறுகி உடல் வில்லாய் வளையும் பிள்ளையைக் காப்பாற்றுவது பெரிய ஆஸ்பத்திரிகளுக்கும் கடினம்.

ஆகவே தாய்மார்களே, தந்தையரே, அடுத்த புதன்கிழமை உங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் ஊசி போட அமரும் இடத்துக்குப் பிள்ளையோடு செல்லுங்கள். பேசாமல் கையை நீட்டச் சொல்லவில்லை. குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். அதில் என்ன இருக்கிறது, எதற்காக இருக்கிறது, போட்டபின் எத்தனை நாள் வலிக்கும் என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் கேட்டுச் சொல்லும்படி வற்புறுத்துங்கள். பதில் சொல்லுவது அவர்கள் கடமை. பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அடுத்த ஆண்டு அவர்களாகவே வந்து சொல்லுவார்கள். பதிலைக் கேட்டபின் ஊசியைப் போட்டுக்கொண்டு, தேதியை அட்டையில் எழுதி வாங்கி வாருங்கள். உங்கள் வீட்டில் இவ்வாண்டு குழந்தை பிறக்குமானால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைட்டிஸ் பி ஊசியைப் போடாமல் வீட்டுக்கு அழைத்து வராதீர்கள். 16 வயது நிரம்பியும் டி.டி. ஊசி போடாத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த மாதம் முடிவதற்குள் அதைப் போட்டுவிடுங்கள் என்று இரு கை கூப்பி வேண்டிக்கொள்ளுகிறேன்.